மரக்காணம் கரையில் இலை சிவக்கும் காலம்

ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

போன்சாய் வளர்க்க ஆரம்பித்த எவருக்கும் சீக்கிரமே ஓர் ஆசை வந்துவிடுகிறது. ஜப்பான் படங்களில் பார்ப்போமே, ஒரு முழ உயரத்தில் மேப்பிள் மரம், உச்சிமுதல் அடிவரை ரத்தச் சிவப்பு. அப்படி ஒன்று நம் மாடியிலும் நிற்க வேண்டும் என்ற ஆசை. ஆன்லைனில் விதை கிடைக்கிறது, கன்றும் கிடைக்கிறது. ஆனால் ஆரோவில் பக்கத்து வெயிலில் அந்த மேப்பிள் ஒரு கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டினாலும் இலை சிவப்பதில்லை, ஓரம் கருகிச் சுருள்கிறது. உடனே வளர்ப்பவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார், உரத்தை மாற்றுகிறார், மண் கலவையை மாற்றுகிறார். காரணம் அதிலெல்லாம் இல்லை. இலை ஏன் நிறம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், இந்தக் கரையில் எந்த மரத்திடம் எப்போது நிறத்தை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இலைக்குப் பச்சை தருவது பச்சையம். அதோடு கூடவே மஞ்சள் நிறமிகளும் இலையில் எப்போதும் இருக்கின்றன. கேரட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம் அது. பச்சை அழுத்தமாக இருக்கும்வரை மஞ்சள் நம் கண்ணில் படாது. இலைக்கு வயதாகி, மரம் அதை உதிர்க்க முடிவெடுத்தால், முதலில் தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அறுவடை முடிந்த வயலிலிருந்து வைக்கோல்வரை வீடு சேர்க்கும் சம்சாரியைப் போல, இலையிலிருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்கு இழுத்துக்கொள்ளும். இந்த வேலையின் நடுவில் பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சளுக்கு இவ்வளவுதான் கதை. மரம் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

சிவப்பின் கதை வேறு. அது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்தின் தோலிலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் இருப்பது. பெரும்பாலான மரங்களில் முற்றிய பச்சை இலையில் இது இருப்பதில்லை. உதிரப்போகும் கடைசி நாட்களில்தான் புதிதாகத் தயாராகிறது. அதற்கு இரண்டு பொருள் வேண்டும்: சர்க்கரை, வெளிச்சம். இலைக்காம்பின் அடியில் பிரிவடுக்கு என்ற மெல்லிய செல் அடுக்கு உருவாகி வழியை மெல்ல அடைக்கிறது. இலையில் செய்த சர்க்கரை வெளியேற முடியாமல் தேங்குகிறது. அதன்மேல் நல்ல வெயில் பட்டால் சிவப்பு ஏறுகிறது.

சாகப்போகும் இலைக்கு இத்தனை செலவு ஏன்? இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு பதில் சொல்கிறார்கள். பச்சையம் சிதையும் நேரத்தில் வெயில் இலையைச் சுட்டுவிட்டால் சத்தைத் திரும்ப எடுக்கும் வேலை பாதியில் நின்றுபோகும், அதனால் சிவப்பு ஒரு திரையாக நின்று காக்கிறது என்பது ஒரு பதில். 2001இல் வெளிவந்த கட்டுரையில் ஹாமில்டனும் சாம் பிரௌனும் இன்னொன்றைச் சொன்னார்கள்: முட்டையிட இடம் தேடும் அசுவினிப் பூச்சிக்கு ‘நான் திடகாத்திரமான மரம், என்னிடம் வராதே’ என்று மரம் காட்டும் அடையாளம் அது என்றார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. தொட்டி வைத்திருக்கும் நமக்கு இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: நல்ல சிவப்பு ஆரோக்கியமான மரத்தில்தான் வரும்.

மேப்பிளுக்கு வருவோம். டோக்கியோவுக்கு வடக்கே ஒமியா என்ற ஊரில் போன்சாய் கிராமம் ஒன்று இருக்கிறது. 1923 பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் தேடி 1925இல் அங்கே குடியேறினார்கள். அந்தப் பகுதியில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஐந்து மணி நேர வித்தியாசம். இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் மேப்பிள் நிறம் மாறத் தொடங்கும் என்பது ஜப்பானியர் கணக்கு. பகல் சுருங்குவது ஒரு செய்தி, இரவு குளிர்வது இன்னொரு செய்தி; இரண்டும் சேர்ந்து வந்தால் மரம் கடையைக் கட்டுகிறது.

நம் கரையில் அந்த இரண்டும் வருவதில்லை. ஆரோவில் இருப்பது 12 டிகிரி அட்சரேகையில். வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். மார்கழி தையில் போர்வை தேடுகிற இரவுகளில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேப்பிளுக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல் இங்கே அதற்குப் போய்ச் சேரவே இல்லை. வருடாவருடம் கிடைக்க வேண்டிய குளிர்த் தூக்கமும் கிடைக்காமல் அது தளர்ந்து சாகிறது. அந்த மரத்தின் மேல் அத்தனை பிரியம் இருந்தால், டிசம்பரில் உறைபனி விழும் உதகைப் பக்கம் முயன்று பார்க்கலாம். கடற்கரையில் வைத்து அதை வதைக்க வேண்டாம்.

அப்படியானால் இந்தக் கரைக்கு இலையுதிர் வண்ணமே கிடையாதா? உண்டு. குளிர் அங்கே செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கிறது. நம் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்த்துவிடும். பொங்கலுக்குப் பிறகு வானம் வெளுத்து மண் காயத் தொடங்கும். இலையுதிர்க்கும் நம் மரங்கள் பார்க்கும் கடிகாரம் அதுதான்.

ஆனால் இந்தக் கரையின் பூர்வீகக் காட்டில் அந்தக் கடிகாரம் பார்க்கிற மரங்கள் குறைவு. இது உலர் பசுமைமாறாக் காடு. உலக்கைப்பாலை, கருங்காலி, காயா, மகிழம், வீரை என்று தோல்போல் தடித்த, மெழுகு பூசிய இலைகள் கொண்ட மரங்கள். மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் இலையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவை. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டில் மழை அரித்த செம்மண் பள்ளங்களே மிஞ்சியிருந்தன. அங்கே குடியேறியவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, வேகமாக வளரும் வெளியூர் மரங்களை முதலில் நட்டு, அவற்றின் நிழலில் பூர்வீக மரங்களைக் கொண்டுவந்தார்கள். 2000இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்காவின் 50 ஏக்கரில் இந்தக் காட்டை இன்று நின்று பார்க்கலாம். போன்சாய்க்கு இந்தக் காட்டு மரங்கள் அருமையானவை. உறுதியான தண்டு, சின்ன இலை, பொறுமையான வளர்ச்சி. ஆனால் அவற்றிடம் இலையுதிர்ச் சிவப்பைக் கேட்கக்கூடாது.

கேட்க வேண்டிய மரம் கடற்கரையிலேயே நிற்கிறது. வாதாங்கொட்டை மரம், நாட்டு வாதுமை, பாதாம் மரம் என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஜனவரிக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இந்த மரத்தடியில் விழுந்து கிடக்கும் இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சாண் நீளம், காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்றிருக்கும். நடு நரம்பை ஒட்டி இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருக்கும். அங்கிருந்து ஓரத்துக்குப் போகப் போக ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம், பிறகு மாதுளைச் சிவப்பு. மேலே இருந்த வேறொரு இலை நிழல் போட்ட இடம் பல சமயம் மஞ்சளாகவே நின்றுபோயிருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில்தான் சிவப்பு தயாராகும் என்று சற்று முன் சொன்னோமே, அதற்குச் சாட்சி உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கிறது.

அதே இலை காய்ந்து பழுப்பானால் அது வேறு வேதியியல். உங்கள் டம்ளரில் இருக்கும் டீக்கு நிறம் தரும் பாலிஃபீனால் குடும்பமே சருகுக்கும் நிறம் தருகிறது. சென்னை கொளத்தூர்ப் பக்கம் அலங்கார மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும்: சண்டை மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த வாதாம் இலையைத் தொட்டியில் போடுவார்கள், தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். அதிலிருந்து இறங்குவது டானின்.

வாதாம் இலை பெரிது, அதனால் சின்ன போன்சாய்த் தட்டுக்கு ஒத்துவராது. ஒன்றரை முழத்துக்கு மேல் உயரம் வைக்கும் பெரிய தொட்டிக்கே அது பொருந்தும். ஆனால் கிளைகள் தாமாகவே அடுக்கடுக்காக விரியும் வழக்கம் அதற்கு உண்டு. மற்ற மரங்களில் கம்பி கட்டி வருஷக்கணக்கில் வரவழைக்கும் உருவத்தை அது பிறவியிலேயே கொண்டுவருகிறது. இலை சின்னதாக வேண்டும் என்பவர்கள் பூமருது பார்க்கலாம். உதிருமுன் அதன் இலையும் செம்பு நிறமாகச் சிவக்கும், கோடையில் ஊதாப் பூவும் வரும்.

இனி மரத்தை விட்டுக் கொஞ்சம் மரக்காணத்து உப்பளத்துக்குப் போவோம், ஏனென்றால் இந்தக் கரையின் இன்னொரு சிவப்பு அங்கேதான் இருக்கிறது. மழை வடிந்து பாத்தி கட்டத் தொடங்கும் நாட்களில் வரப்போரம் உமரி முளைத்துக் கிடக்கும். குண்டு குண்டான சின்ன இலைகள். மண்ணில் ஈரம் இருக்கும்வரை பச்சை. வெயில் ஏறி உப்பு கூடக் கூட இளஞ்சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு. இந்தச் சிவப்பு ஆந்தோசயனின் கிடையாது. பீட்டாலைன் என்ற வேறு நிறமி. பீட்ரூட்டிலும் தண்டுக்கீரையிலும் இருப்பது. தாவர உலகில் ஒரு விசித்திரமான ஒழுங்கு உண்டு: பீட்டாலைன் செய்யும் செடி ஆந்தோசயனின் செய்யாது, ஆந்தோசயனின் செய்யும் செடி பீட்டாலைன் செய்யாது. இயற்கையில் இரண்டையும் ஒரே செடியில் யாரும் பார்த்ததில்லை. உப்பு முற்றும் பாத்திகளில் தண்ணீரே இளஞ்சிவப்பாவது மூன்றாவது வகை. உப்பைத் தாங்கும் நுண்பாசியும் நுண்ணுயிரும் வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைக்கும் கரோட்டினாய்டு அது. பழுத்த இலையின் மஞ்சளுக்குச் சொந்தக்காரரான அதே குடும்பம்தான்.

பீட்டாலைன் என்ற பெயரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் செய்யும், போன்சாய்த் தட்டுக்கு ஏற்ற மரம் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: காகிதப்பூ. புதுச்சேரி மதில்களிலும் ஆரோவில் வேலிகளிலும் கொட்டிக் கிடப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. 1767இல் பிரெஞ்சுக் கப்பலில் பிரேசில் வந்த தாவரவியலாளர் கொமர்சோன் அதைக் கண்டெடுத்தார், கப்பல் தலைவர் பூகான்வில்லின் பெயரே செடிக்கும் நிலைத்தது. ஆரோவிலை நிறுவியவரும் பூக்களுக்கெல்லாம் ஆன்மிகப் பொருள் சூட்டியவருமான ஸ்ரீ அன்னை இதற்கு ‘பாதுகாப்பு’ என்று பெயர் தந்தார். ஒரு கொத்தைப் பிரித்துப் பாருங்கள். வண்ணமாக இருக்கும் மூன்று ‘இதழ்’களிலும் நரம்பு ஓடும், இலையில் ஓடுவதைப் போலவே. ஏனென்றால் அவை இலைகள்தான், உருமாறிய இலைகள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய குழலே உண்மையான பூ. அதன் வாய் வெள்ளையாகச் சின்ன நட்சத்திரம்போல் விரியும்.

சிவந்த இலைகளால் மூடிய சின்ன மரம் வேண்டும் என்று மேப்பிளைத் தேடி ஓடுகிறோம். அதைத் தருவதற்குக் காகிதப்பூ காத்துக்கொண்டிருக்கிறது. மேப்பிளின் நிறம் ஓரிரு வாரம், இதன் நிறம் ஒவ்வொரு சுற்றிலும் பல வாரம் நிற்கும். தண்டு முறுக்கேறிப் பட்டை வெடித்து முதிர்ந்த தோற்றமும் சீக்கிரம் வரும். அதன் கடிகாரமும் வறட்சிதான். மழை ஓய்ந்த பிறகு முழு வெயிலில் வையுங்கள். தளிர் நுனி லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு நிறைய ஊற்றுங்கள். தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள், கொடுத்தால் பச்சை இலையாகவே தள்ளும். நிறம் உதிர்ந்ததும் கவாத்து செய்தால் புதுக்கிளையில் அடுத்த சுற்று வரும்.

இன்னும் ஒரு நிறம் மிச்சமிருக்கிறது, நம் மண்ணுக்கே உரிய நிறம். குளிர்நாட்டு மரம் உதிரும்போது சிவக்கிறது. நம் மரங்களில் பல பிறக்கும்போது சிவக்கின்றன. மாந்தளிர், அரசந்தளிர், வேப்பங்கொழுந்து, நாவல் தளிர் எல்லாம் செம்பும் இளஞ்சிவப்புமாகவே வெளிவருகின்றன. பெண்ணின் மேனிக்கு மாந்தளிரை உவமை சொன்ன நம் புலவர்கள் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். இளம் இலையில் பச்சையம் இன்னும் சேரவில்லை, தோல் தடிக்கவில்லை. அந்த நாட்களில் வெயிலிலிருந்து காக்க ஆந்தோசயனின் உதவுகிறது. பனாமா காட்டில் இளந்தளிர்களை ஆராய்ந்த ஃபிலிஸ் கோலியும் மிட்செல் எய்டும், பூஞ்சைத் தாக்குதலைத் தடுக்கவும் அது உதவலாம் என்று 1989இல் எழுதினார்கள்.

தளிர் நிறத்தில் ஒரு வசதி உண்டு: அதை நாமே வரவழைக்கலாம். புயலில் இலை முழுக்க இழந்த மரம் உயிர் தப்பினால் சில வாரங்களில் ஒரே நேரத்தில் தளிர்விடுவதை 2011 தானே புயலையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் கண்ட இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன்சாயில் அதையே கத்தரிக்கோலால் அளவாகச் செய்கிறோம். அரச மரத்தில் மாசி பங்குனி வாக்கில், காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பை மட்டும் வெட்டிவிடுங்கள். காம்பின் அடியில் இருக்கும் மொட்டுக்குக் காயம் படக்கூடாது. இலை இல்லாத மரம் தண்ணீர் அதிகம் குடிக்காது, அதனால் ஊற்றுவதைக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் மரம் முழுக்கச் செம்புத் தளிர் ஒன்றாக விரியும், இலையும் முன்பைவிடச் சின்னதாக வரும். அந்த வருஷம் தொட்டி மாற்றிய மரத்துக்கும் சோர்ந்து நிற்கும் மரத்துக்கும் இதைச் செய்யக்கூடாது. திடமான மரத்துக்கும் வருஷத்துக்கு ஒரு முறை போதும்.

வாதாம், பூமருது தொட்டிகளுக்கு ஒரு வார்த்தை. தினமும் காலை மாலை தண்ணீர் ஊற்றி வந்தால் தட்டில் இருக்கும் மரத்துக்கு வெளியே மழை நின்றதே தெரியாது. இலை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுத்து விழும், நிறம் சேர்ந்து வராது. பொங்கல் தாண்டியதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். வேரடி வறண்டு கெட்டியாகும்வரை விட்டுவிடாதீர்கள், அப்போது நிறம் வராது, சருகுதான் வரும். நிழலில் இருக்கும் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். மார்கழியிலிருந்தே தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள்.

நோயை நிறம் என்று நினைத்து மகிழ்ந்துவிடுவதும் நடக்கிறது. அடி இலைகள் மட்டும் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. நுனி இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் இது அடிக்கடி வரும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால் அது உப்பு. கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் சவர்ப்பாக இருக்கும், ஆழமில்லாத தட்டில் அந்த உப்பு வெகு வேகமாகச் சேரும். தட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பதே அதற்கு அடையாளம். மழைநீரைப் பிடித்து வைத்து மாதத்துக்கு ஒரு முறையாவது அடித்துளை வழியே ஓடும்படி நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். கடற்காற்று நேராக அடிக்கும் மாடியானால் மாலையில் இலைகளையும் நல்ல தண்ணீரால் நனையுங்கள்.

மூன்று தொட்டிக்கு இடம் இருந்தால் போதும். ஒன்றில் வாதாம் அல்லது பூமருது, ஒன்றில் காகிதப்பூ, ஒன்றில் அரசு. தையில் ஒன்று சிவக்கும், மாசியில் ஒன்று வண்ணம் கொட்டும், பங்குனியில் ஒன்று செம்புத் தளிர் காட்டும். கடல் தாண்டி வந்து நம் வெயிலில் வாடும் மேப்பிளுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட இதற்கு ஆகாது. பக்கத்து நர்சரியில் நாளைக்கே கேளுங்கள்.